மூணு வட்டியும் பிளஸ் டூ சான்றிதழும்

அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு நடக்கிற நாளில் தமிழ்நாட்டின் எந்தத் தேர்வு மையத்து வாசலுக்குப் போனாலும் இந்தக் காட்சி தப்பாது. உள்ளே மனைவி ஓ.எம்.ஆர். தாளில் வட்டங்களைக் கறுப்பாக்கிக்கொண்டிருப்பார். வெளியே மரத்தடியில் கணவர் கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி காம்பவுண்டுச் சுவரை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். மறுநாள் நாளிதழில் அந்தப் படம் நிச்சயம் உண்டு. 2025 ஜூலை 12 அன்று நடந்த தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 13.89 லட்சம் பேர். கல்லூரி வாசனை மாறாத பிள்ளைகளுக்கு நடுவே, மூணாம் வகுப்புப் பையனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்த அம்மாக்களும் அந்த வரிசையில் நின்றார்கள்.

பத்துப் பதினைந்து வருடம் கழித்து ஒருவரை மறுபடியும் புத்தகம் தூக்க வைப்பது எது? மேடையில் கேட்டால் ‘கல்விக்கு வயதில்லை’ என்பார்கள். வீட்டுக்குள் கேட்டால் பதில் வேறு. செவ்வாய்க்கிழமை குழுக் கடன் வசூல், மீட்க முடியாமல் மறு அடகுக்குப் போகும் தாலிச் சங்கிலி, ஜூன் பிறந்தால் ஸ்கூல் ஃபீஸ். ஒரு சம்பளத்தில் இதையெல்லாம் ஓட்ட முடியாது, இன்னொரு நிலையான சம்பளம் வீட்டுக்குள் வந்தாக வேண்டும் என்ற கணக்கே பெரும்பாலும் முதல் காரணம்.

அந்தக் கணக்கு சரியாக வருமா? வரும், சில வீடுகளில். வேறு சில வீடுகளில் படிப்பே புதுக் கடனாகவும் முடியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் படிப்பவரின் மூளையில் இல்லை. எந்தப் படிப்பு, எந்த வேலைக்கு, எந்த வட்டிக்கு நடுவே என்பதில்தான் இருக்கிறது.

வட்டி எப்படி ஓடுகிறது?

2019-இல் தேசிய மாதிரி ஆய்வு அலுவலகம் நடத்திய கடன் – முதலீட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமங்களில் 35 சதவீத வீடுகளும் நகரங்களில் 22.4 சதவீத வீடுகளும் கடனில் இருந்தன. கிராமத்து வீட்டின் சராசரிக் கடன் 59,748 ரூபாய். நகரத்து வீட்டுக்கு 1,20,336 ரூபாய். கடனே இல்லாத வீடுகளையும் சேர்த்து எடுத்த சராசரி இது. ஆகவே கடன் இருக்கிற வீட்டில் சுமை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

ஆனால் தொகையைப் பார்த்தால் மட்டும் கடனின் கனம் புரியாது. நம்மூர் வட்டிக் கணக்கு மாதக் கணக்கு. ‘மூணு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், வருடத்துக்கு 36 சதவீதம். ‘அஞ்சு வட்டி’ 60 சதவீதம். தண்டலோ இன்னும் விசித்திரம். உதாரணமாக, பத்தாயிரம் என்று பேசிக் கையில் 8,500 தந்துவிட்டு, நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் வசூல் நடக்கும். கட்டக் கட்ட அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். அதீத வட்டியைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-இலேயே வந்துவிட்டது. தண்டல்காரரின் டூவீலர் இன்னும் நிற்கவில்லை.

இவற்றுக்கு நடுவே வந்தவை நுண்கடன் நிறுவனங்கள். நாட்டில் நுண்கடன் அதிகம் புழங்கும் மாநிலங்களின் முன்வரிசையில் பீகாரும் தமிழ்நாடும் இருக்கின்றன. கந்துவட்டியைவிட வட்டி குறைவுதான், என்றாலும் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கு மேல். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தரும் கடனை நுண்கடன் என்கிறது ரிசர்வ் வங்கி. 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள அதன் விதிப்படி, ஒரு குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்துக் கட்டும் மாதத் தவணை அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. விதி நல்ல விதி. நுண்கடன் குழுவின் சென்டர் மீட்டிங்கில் பாயில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம், வீட்டில் ஏற்கெனவே எத்தனை தவணை ஓடுகிறது என்று கேட்டுப் பார்த்தால் விதி எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும்.

கடன் யார் தலையில் என்பதும் முக்கியம். தென்னார்க்காட்டுக் கிராமங்களில் பல ஆண்டுகள் களஆய்வு செய்த இசபெல் கெரான், சந்தோஷ் குமார், ஜி.வெங்கடசுப்பிரமணியன் மூவரும் 2023-இல் கடன்பட்ட பெண்களைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார்கள். கடனைத் தேடுவதும் திருப்புவதும், ஒரு கடனை வாங்கி இன்னொன்றை அடைப்பதும் பெண்ணின் அன்றாட உழைப்பாகவே ஆகிவிட்டதை அது விரிவாகச் சொல்கிறது. சமையல், துணி துவைப்பு போல அதுவும் ஒரு வீட்டு வேலை, சம்பளம் கிடையாது. வீட்டுக் கடனைக் குறைக்கப் படிப்பு உதவுமா என்ற கேள்வி அப்பாக்களைவிட அம்மாக்களையே அதிகம் துரத்துவதற்கு இதுவும் காரணம்.

3,600 ரூபாய்

பெரிய கனவுகளை ஓரமாக வைத்துவிட்டு அங்கன்வாடியில் தொடங்கலாம். தமிழ்நாட்டில் அங்கன்வாடி உதவியாளர் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். முதல் ஓராண்டுத் தொகுப்பூதியம் மாதம் 4,100 ரூபாய். அங்கன்வாடிப் பணியாளர் பதவிக்குப் பிளஸ் டூ வேண்டும். அங்கே தொகுப்பூதியம் 7,700 ரூபாய். ஓராண்டு முடிந்ததும் இருவருமே சிறப்புக் காலமுறை ஊதியத்துக்குள் வருகிறார்கள். முதலாமவருக்கு அது 4,100 – 12,500, இரண்டாமவருக்கு 7,700 – 24,200.

தொடக்கத்தில் இருக்கும் இடைவெளி 3,600 ரூபாய். இப்போது மேலே சொன்ன நகர்ப்புறச் சராசரிக் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மூணு வட்டி போட்டால் மாதம் எவ்வளவு? அதே 3,600 ரூபாய்.

இரண்டு எண்களும் ஒன்றாக வந்தது தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயலில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. பத்தாம் வகுப்போடு நின்ற ஒரு பெண் தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதித் தேறி, அதே அங்கன்வாடியின் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தால், ஒரு நடுத்தரக் கடனின் மாத வட்டி அப்படியே ஈடாகிவிடுகிறது. அதற்குப் பட்டம் தேவையில்லை, சென்னைக்குப் போய்ப் பயிற்சி மையத்தில் சேரவும் தேவையில்லை. உதவியாளர்களிலிருந்து பணியாளர்களையும், பணியாளர்களிலிருந்து மேற்பார்வையாளர்களையும் பதவி உயர்வில் எடுக்க வேண்டும் என்று 2022-இல் வந்த மத்திய அரசின் அங்கன்வாடி வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. இரண்டிலும் பாதி இடங்கள் இப்படி நிரப்பப்பட வேண்டும். ஏணி இருக்கிறது. பணி அனுபவத்தோடு அடுத்த படிக்குக் கேட்கிற தகுதி பெரும்பாலும் ஒரு சான்றிதழ்தான்.

வயது ஒரு தடை. நேரடி நியமனத்தில் பணியாளர் பதவிக்குப் பொதுவாக 35 வரைதான்; கணவரை இழந்தோருக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் சில ஆண்டுகள் தளர்வு உண்டு. ஆக, 33 வயதில் பிளஸ் டூவுக்கு உட்காருகிறவருக்கு அவகாசம் மிகக் குறைவு. ‘அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்பது இங்கே விலை உயர்ந்த சொல்.

கடன் சுமையில் இருப்பவர் எதைப் படிக்க வேண்டும் என்பதற்கு இந்த அங்கன்வாடிக் கணக்கிலேயே பாதிப் பதில் இருக்கிறது. இன்று செய்யும் வேலைக்கு ஒரு படி மேலே இருக்கும் வேலை என்ன சான்று கேட்கிறதோ, அதை முதலில் எடுப்பது. எம்.ஏ. பிறகு வரட்டும்.

குரூப் 4 என்னும் கடல்

அரசுத் தேர்வு விஷயத்துக்கு வருவோம். இளநிலை உதவியாளர் பணியின் அடிப்படை ஊதியம் 19,500 ரூபாய். அகவிலைப்படி சேர்த்தால் முப்பதாயிரத்தைத் தொடுகிறது. குறைந்தபட்சக் கல்வித் தகுதி பத்தாம் வகுப்புதான். நிரந்தரப் பதிவுக்கு 150 ரூபாய், தேர்வுக்கு 100 ரூபாய். பட்டியலின, பழங்குடியினருக்கும் ஆதரவற்ற விதவைகளுக்கும் தேர்வுக் கட்டணமே இல்லை. ஓய்வு வயது 60. நாற்பத்தைந்தில் சேர்ந்தாலும் பதினைந்து வருடம் சம்பளம் வரும்.

நாற்பத்தைந்தில் சேர முடியுமா என்பதுதான் பலருடைய முதல் சந்தேகம். முடிகிறது. குரூப் 2 தேர்வில் பெரும்பாலான பதவிகளுக்குப் பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் எல்லாச் சாதிகளையும் சேர்ந்த ஆதரவற்ற விதவைகளுக்கும் உச்ச வயது வரம்பே கிடையாது. குரூப் 4-இலும் குறைந்தபட்சத் தகுதிக்கு மேல் படித்திருந்தால் இந்தப் பிரிவினருக்குப் பல பதவிகளில் வயது தடையாவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் தேனி மாவட்டத்தில் ஐம்பதை நெருங்கிய ஒரு தாயும் அவருடைய மகளும் சேர்ந்தே படித்து, ஒரே குரூப் 4 தேர்வில் தேறியது இப்படித்தான். 2022-இல் கேரளத்தில் ஒரு தாயும் மகனும் ஒரே சமயத்தில் அந்த மாநில அரசுப் பணித் தேர்வாணையத்தின் (பி.எஸ்.சி.) பட்டியல்களில் இடம்பிடித்தார்கள், அந்தத் தாய் அதுவரை அங்கன்வாடி ஆசிரியை.

இன்னொரு கதையும் தமிழர்களுக்குத் தெரியும். பதினான்கு வயதில் திருமணம், பதினெட்டுக்குள் இரண்டு பெண் குழந்தைகள், கணவர் காவலர். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதி, தொலைநிலையில் பட்டம் முடித்து, 2008-இல் ஐ.பி.எஸ். அதிகாரியாகி மகாராஷ்டிரத்துக்குப் போன என்.அம்பிகாவின் கதை அது. கேட்கிறபோது உடம்பு சிலிர்க்கும். ஆனால் கடனில் இருக்கும் குடும்பத்துக்கு அதை வழிகாட்டியாகக் காட்டுவது சரியா என்று யோசிக்க வேண்டும். சிவில் சர்வீஸ் தேர்வு வருடங்களை விழுங்கும். வருடங்கள் ஓடும்போது வட்டியும் ஓடும்.

குரூப் 4-இலும் கூட்டத்தை மறந்துவிடக் கூடாது. 2024-இல் 6,244 இடங்களுக்கான அறிவிப்புக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். ஒரு நாற்காலிக்கு முந்நூறு பேருக்கு மேல். எல்லாரும் ஒரே தீவிரத்தோடு படித்தவர்கள் இல்லை, உண்மைதான். பெண்களுக்கு 1989 முதல் 30 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அதற்குள்ளேயே ஆதரவற்ற விதவைகளுக்கு 10 சதவீதம். அதற்கான சான்றைக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கி வைக்காமல், அறிவிக்கை வந்த பிறகு ஓடி அலைகிறவர்கள் ஏராளம். இவ்வளவு சலுகைக்குப் பிறகும் தேர்வில் தோற்பவர்கள்தான் மிகப் பெரும்பான்மை. ‘எப்படியும் வேலை கிடைச்சிடும்’ என்ற நம்பிக்கையில் இருக்கிற தையல் வேலையையோ கடை வேலையையோ விட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்தால், கடன் அந்த மாதமே கூடத் தொடங்கும்.

இந்தக் கடலுக்குள்ளேயே ஒரு சின்ன வாய்க்கால் இருக்கிறது. தட்டச்சு! ‘கம்ப்யூட்டர் காலத்தில் டைப்ரைட்டிங்கா?’ என்று சிரிப்பவர்கள் ஏதாவது ஒரு தாலுகா ஊரின் பஸ் ஸ்டாண்ட் பின்பக்கத் தெருவுக்குப் போய்ப் பார்க்கலாம். மாடியில் தகரக் கூரைக்குக் கீழே இன்னும் அந்தப் படபடப்பு கேட்கும். குரூப் 4-இல் தட்டச்சர் பதவிக்கும் அதே 19,500 ரூபாய்தான் அடிப்படை. சுருக்கெழுத்துத் தட்டச்சருக்கு 20,600. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சுத் தேர்ச்சியும், அலுவலகத் தானியங்கிக் கணினிச் சான்றும் கேட்கிறார்கள். அந்தத் தகுதி எல்லாரிடமும் இருப்பதில்லை. அதனால் இளநிலை உதவியாளர் பதவிக்குப் போதாத மதிப்பெண்ணும் தட்டச்சர் பதவிக்குப் போதுமானதாகிவிடுவது உண்டு. இன்ஸ்டிடியூட் கட்டணம் குறைவு. தினம் ஒரு மணி நேரம் போனால் போதும். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்புகிற வழியில் முடித்துவிடலாம் என்பதால், வீட்டில் இருக்கும் அம்மாக்களுக்கு இதைவிடத் தோதான பயிற்சி அரசு வேலைப் பாதையில் வேறு கிடையாது என்றே சொல்லலாம்.

வரிசை தப்பினால்

தொலைநிலைப் படிப்பு தமிழ்நாட்டுக்குப் பழக்கமான விஷயம். மதுரை காமராசர், அண்ணாமலை, சென்னைப் பல்கலைக்கழகங்கள் எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலுமே தபாலில் பாடம் அனுப்பத் தொடங்கிவிட்டன. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இல் வந்தது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல். வேலைக்குப் போய்க்கொண்டே, வீட்டைப் பார்த்துக்கொண்டே படிக்க இவையே பெரிய வாசல். மூன்று வருடப் பட்டத்தை ஆறு வருடம் வரை இழுத்து முடிக்க இக்னோ அனுமதிக்கிறது. நடுவில் ஒரு பிரசவமோ ஒரு மருத்துவச் செலவோ வந்தாலும் படிப்பு கைநழுவாது.

சிக்கல் வேறு இடத்தில். பிளஸ் டூ படிக்காமலே நேரடியாகத் திறந்தநிலையில் பட்டம் வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 2009-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், அதை ஒட்டித் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அரசாணையும் அந்தக் கதவைச் சாத்தின. பத்து, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசையில் வந்தால்தான் அரசு வேலைக்குச் செல்லும். இந்த விவரம் தெரியாமல் இன்றைக்கும் ‘பத்தாவது ஃபெயிலா? நேரா டிகிரி!’ என்ற சுவரொட்டியை நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகப் பெயரின் பழமையும் உத்தரவாதம் இல்லை. குறிப்பிட்ட ஆண்டில், குறிப்பிட்ட படிப்புக்குத் தொலைக்கல்வி அங்கீகாரம் இருக்கிறதா என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் இணையதளத்தில் ஒரு தரம் பார்த்துவிட்டுக் கட்டணம் கட்டுவது நல்லது. 2024 முதல் தொலைநிலையில் சேர ‘டெப் ஐடி’ என்ற எண் கட்டாயம். அந்த எண்ணை எடுக்க முடியாத படிப்பு என்றால் அப்போதே எழுந்து வந்துவிடலாம்.

நேரம் எங்கிருந்து வரும்?

2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு இந்தியப் பெண் நாள் ஒன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார். ஆண் 88 நிமிடம். படிக்க வேண்டிய மூன்று மணி நேரம் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் ஒளிந்திருக்கிறது. மனைவி படிக்கிறார் என்று பெருமையாக ஸ்டேட்டஸ் போடும் கணவர் பாத்திரம் கழுவினாரா என்பதைத் தேர்வு முடிவிலேயே தெரிந்துகொள்ளலாம்.

சில அரசுத் திட்டங்கள் இந்த விஷயத்தில் யாரும் நினைக்காத வகையில் உதவியிருக்கின்றன. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. வகுப்புக்குப் போய்வர வீட்டில் கை நீட்டிக் காசு கேட்க வேண்டாம் என்பது அந்த 888-ஐவிடப் பெரிய விஷயம். 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிந்த காலை உணவுத் திட்டம், அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் வீட்டின் காலைப் பரபரப்பைக் கொஞ்சம் தணித்தது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் இலவசமாகவே பயிற்சி தருகின்றன. சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் என்று சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்க இடமும் இருக்கிறது. இல்லாத ஒன்று குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இடம். பயிற்சி மையத்துக்குப் பக்கத்தில் ஒரு அரசுக் காப்பகம் இருந்தால் எத்தனை பேர் பாதியில் நிற்காமல் இருப்பார்கள் என்று யாராவது யோசிக்கலாம்.

கடன் வாங்கிப் படித்த தேசம்

பெற்றோர் கல்லூரிக்குத் திரும்புவது அமெரிக்காவில் சாதாரணம். அங்கே இளநிலைப் படிப்பு மாணவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் குழந்தை வளர்ப்பவர். வசதி குறைந்தவர்களுக்குத் திருப்பித் தர வேண்டாத ‘பெல்’ உதவித்தொகையும் இருக்கிறது. ஆனாலும் அங்கே கசப்பான ஒரு பாடம் நடந்தது. கொரிந்தியன் காலேஜஸ் என்ற லாப நோக்குக் கல்லூரிக் குழுமம், வறுமைக் கோட்டை ஒட்டி வாழும் ஒற்றைப் பெற்றோரைத் தேடிப் பிடித்து விளம்பரம் செய்தது என்று 2013-இல் கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரல் வழக்குத் தொடுத்தார். (அவர் யார் தெரியுமா? துளசேந்திரபுரத்து வம்சாவளி கமலா ஹாரிஸ்தான்.) 2015-இல் குழுமம் இழுத்து மூடப்பட்டது. கையில் மதிப்பில்லாத சான்றிதழ், தலையில் கல்விக்கடன் என்று நின்ற 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை 2022-இல் அமெரிக்க அரசே தள்ளுபடி செய்ய வேண்டியிருந்தது.

நம்மூரில் தொலைநிலைப் படிப்புக்கு வங்கிகள் வழக்கமாகக் கல்விக்கடன் தருவதில்லை. ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. ஆனால் அந்த இடத்தைப் பயிற்சி மையங்களின் ‘ஈஸி இ.எம்.ஐ.’ பிடித்துக்கொள்கிறது. முழுநேர நர்சிங் போன்ற படிப்புக்கு வங்கிக் கடன் கிடைக்கும். 4 லட்சம் வரை அடமானம் வேண்டாம்; படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கிடையாது. ஆனால் செவிலியர் பட்டயப் படிப்புக்கு நர்சிங் கவுன்சில் வைத்திருக்கும் உச்ச வயது 35.

சான்றிதழ் வருவதற்கு முன்பே

இரண்டு லட்சம் ரூபாய் கடன் மூணு வட்டியில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 6,000 ரூபாய் வட்டி. இரண்டு வருடம் படித்து முடிப்பதற்குள் 1,44,000 ரூபாய் வட்டியாகவே போயிருக்கும். அசல் அப்படியே நிற்கும். அதே கடனை ஆண்டுக்கு 12 சதவீத வட்டிக்கு ஒரு வங்கியில் மாற்றினால் மாதம் 2,000 ரூபாய்தான். மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு வாழ்வாதார இயக்கத்தின் கீழ் 3 லட்சம் வரை 7 சதவீத வட்டியில் வங்கிக் கடன் கிடைக்கிறது. படிக்க உட்காருவதற்கு முன்னால் கடனை வட்டி குறைந்த இடத்துக்கு நகர்த்தினால், மிச்சமாகும் நாலாயிரத்தில் படிப்புச் செலவு முழுக்க அடங்கிவிடும். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் படிப்பில் இறங்குவது, ஓட்டைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவது மாதிரிதான்.

படிக்கத் தொடங்கியவுடன் கைகூடும் லாபமும் ஒன்று உண்டு. குரூப் 4 தேர்வை நடத்தும் டி.என்.பி.எஸ்.சி.யின் பாடத்திட்டத்தில் தனிவட்டி, கூட்டுவட்டி, சதவீதம் எல்லாம் இருக்கின்றன. அவற்றைப் போட்டுப் பழகிய பெண் தன் வீட்டுக் கடன் அட்டையை ஒருநாள் எடுத்துப் பார்க்காமல் இருக்கமாட்டார். நுண்கடன் அட்டை கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், மொத்த வட்டி விகிதம் எழுதியிருக்க வேண்டும், முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் கூடாது என்பவை ரிசர்வ் வங்கியின் விதிகள். மீறினால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம், தகவலுக்கு 14448. வீட்டு வாசலில் உட்கார்ந்து மிரட்டும் வசூலைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடு சட்டமன்றமும் தனிச் சட்டம் நிறைவேற்றியது.

இரண்டு வருடம் காத்திருக்க முடியாத வீடுகளும் உண்டு. அவர்களுக்கு மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் கிராமிய சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. 1982-இல் கர்நாடகத்தின் உஜிரெயில் தர்மஸ்தலா வீரேந்திர ஹெக்டே இரண்டு வங்கிகளோடு சேர்ந்து தொடங்கிய மாதிரியின் வழிவந்தவை இவை. தையல், அழகுக்கலை, மொபைல் பழுது, ஆடு வளர்ப்பு என்று சில வாரப் பயிற்சிகள், சாப்பாடும் இலவசம். அரசு ஐ.டி.ஐ.களில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. ஆண்களுக்கு 40 வரை. பிட்டர், எலக்ட்ரீஷியன் வகுப்பில் மகன் வயதுப் பையன்களோடு உட்காரக் கூச்சப்படாத அப்பாக்களுக்கு அது நல்ல வாசல். டிப்ளமோவோடு ஆலையில் நிற்பவர்களுக்குக் கோவையில் பகுதிநேர பி.இ. நெடுங்காலமாக இருக்கிறது.

முதல் சம்பளம் வந்த பிறகு

பணி நியமன ஆணை கைக்கு வந்த வீட்டில் அடுத்த ஆறு மாதம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய காலம். சான்றிதழ் சரிபார்ப்பு, ஊதியக் கணக்குப் பதிவு எல்லாம் முடிந்து முதல் சம்பளம் வர சில துறைகளில் மாதக்கணக்கில் ஆகும். கடன்காரருக்கோ செய்தி அன்றைக்கே போய்விடும். சம்பளம் வந்த பிறகு ஓய்வூதியப் பங்களிப்பாக 10 சதவீதம் பிடித்தம் போகும். வேறு பிடித்தங்களும் உண்டு. முப்பதாயிரம் என்று நினைத்துத் தவணை பேசியவர்கள் முதல் பே-ஸ்லிப்பைப் பார்த்ததும் மறுபடியும் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

பிறகு போன் வரத் தொடங்கும். பெர்சனல் லோன், கிரெடிட் கார்டு, வீட்டுக் கடன் என்று நேற்றுவரை திரும்பிப் பார்க்காத வங்கிகள் ‘மேடம்’ போட்டுப் பேசும். உறவினர்கள் வேறொன்றுக்கு வருவார்கள். அரசு ஊழியரின் ஜாமீன் கையெழுத்துக்கு நம்மூரில் இருக்கும் மதிப்பு தனி. சித்தப்பா மகனின் லோனுக்கு, பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டுக்கு என்று தாள்கள் நீளும். முகத்துக்கு நேரே மறுக்க முடியாமல் போட்ட ஒரு கையெழுத்து, அந்தக் கடன்காரர் ஊரைவிட்டுப் போனதும் இவருடைய சம்பளத்தில் பிடித்தமாக வந்து நிற்கும்.

இதற்குச் சில வீடுகளில் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். முதல் ஒரு வருடம் வீடு பழைய வருமானத்திலேயே ஓடும். புதுச் சம்பளம் முழுவதும் ஒவ்வொரு கடனாக அடைக்கப் போகும். வட்டி அதிகமானது முதலில், தொகை பெரியது பிறகு. தண்டல், அஞ்சு வட்டி, மூணு வட்டி, நுண்கடன், கடைசியில் நகை. ஜாமீன் கேட்டு வருகிறவர்களுக்கு, ‘தகுதிகாண் பருவம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்ற பதில் தயாராக இருக்கும். தகுதிகாண் பருவத்துக்கும் ஜாமீன் கையெழுத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது.